மலை இல்லாத ஊரில் இரண்டு மலை: தொடக்கப் பள்ளியின் ஓவிய வேளைக்கு என்ன செய்யலாம்?

கேள்வி இது: “எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் ஐந்து வரை 29 பிள்ளைகள். ஓவிய ஆசிரியர் கிடையாது. வெள்ளிக்கிழமை கடைசி வேளையில் ‘படம் வரைங்க’ என்று விட்டால் எல்லாரும் ஒரே படத்தையே வரைகிறார்கள். எனக்கும் வரைய வராது. கையில் காசும் இல்லை. முக்கால் மணி நேரத்தில் முடிகிற மாதிரி கலைச் செயல்பாடுகள் சொல்ல முடியுமா?”

அந்த ஒரே படம் எது என்று நீங்கள் சொல்லவே வேண்டாம் டீச்சர். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், மலையடியிலிருந்து வளைந்து வரும் ஆறு, ஓரமாக ஓர் ஓட்டு வீடு, சாய்ந்த தென்னை, வானத்தில் ‘சரி’ குறி போட்டது மாதிரி நாலைந்து பறவைகள். நான் 31 வருடம் வேலை பார்த்தது முழுக்க இராமநாதபுரம் மாவட்டத்துக் கிராமங்களில். அங்கே கண்மாய்க் கரையைவிட உயரமான மேடு கண்ணில் படாது. ஆற்றில் தண்ணீர் வந்தால் ஊரே போய்ப் பார்த்துவிட்டு வரும். அங்கேயும் பிள்ளைகள் இதையேதான் வரைந்தார்கள். மலையைப் பார்த்தே இராத பிள்ளை மலை வரைகிறது என்றால் அது தன் கண்ணால் வரையவில்லை, அக்கா நோட்டைப் பார்த்து வரைகிறது என்றுதான் அர்த்தம்.

அதில் என் பங்கும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கரும்பலகையில் ஒரு கிளி வரைந்து, “இதே மாதிரி வரைங்க” என்றேன். முப்பத்தொரு கிளி வந்தது. முப்பத்தொன்றும் இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன, ஏனென்றால் என் கிளி இடப்பக்கம் பார்த்தது. ஒரே ஒரு பையன் காக்காய் வரைந்திருந்தான், வாயில் வடாம் வைத்துக்கொண்டு. “கிளிதானே வரையச் சொன்னேன்” என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த வகுப்பில் எதையாவது பார்த்து வரைந்தவன் அவன் ஒருவன்தான் என்பது உறைக்க எனக்கு நாலைந்து வருடம் ஆனது.

அதனால் செயல்பாடுகளுக்குப் போகும் முன் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். “படம் வரை” என்று சொல்லாதீர்கள். கையில் ஒரு பொருளைக் கொடுங்கள், கூடவே ஒரு கேள்வியைக் கொடுங்கள். “ஆடு வரை” என்றால் புத்தகத்து ஆடு வரும். “உங்க வீட்டு ஆட்டை எங்கே கட்டியிருக்கு? கயிறு எவ்வளவு நீளம்? அது எட்டி எட்டி எதைத் தின்னப் பார்க்கும்?” என்று கேட்டுவிட்டு வரையச் சொல்லிப் பாருங்கள். ஒரு இரண்டாம் வகுப்புப் பையன் எனக்கு வரைந்து கொடுத்ததில் ஆடு கட்டை விரல் அளவுதான் இருந்தது. கயிறு தாள் முழுக்கச் சுற்றிச் சுற்றிப் போயிருந்தது. கயிற்றின் மறுமுனையில் அவன் ஆத்தா. “ஆடு இழுக்கும் டீச்சர், ஆத்தா பின்னாலேயே ஓடும்” என்றான். உங்களுக்கு வரைய வராது என்கிறீர்கள். இந்த வேலைக்கு அது நல்லதுதான். பலகையில் நீங்கள் எதையும் வரைந்து வைக்கப் போவதில்லை, பிள்ளைகளுக்குக் காப்பியடிக்க ஒன்றும் கிடைக்காது.

முதலில் தாள். ஆளுக்கொரு சார்ட் அட்டை வாங்க யாராலும் முடியாது, வாங்கினாலும் வெள்ளை சார்ட்டைப் பார்த்ததும் பிள்ளைக்குக் கை நடுங்கும். எனக்கு அதிகம் உதவியது தினத்தாள் காலண்டர். கிழித்த தாளின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும், உள்ளங்கை அளவு, கெட்டுப்போனால் கவலை இல்லை. “நேற்றுத் தாளைத் தூர எறியாமல் கொண்டு வாங்க” என்று சொல்லி ஒரு மாதம் சேர்த்தால் வகுப்புக்கு ஒரு கட்டு தேறும். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கமும், அச்சகத்தில் ஓரம் வெட்டிப் போடும் துண்டுகளும் ஆகும். அச்சகக்காரரிடம் பள்ளிக்கூடத்துக்கு என்று கேட்டால் ஒரு பை நிறையக் கொடுப்பார். ஒன்றாம் இரண்டாம் வகுப்புக்கு கிரேயானும் மூன்று முதல் ஐந்துக்கு வண்ணப் பென்சிலும் அரசே கொடுக்கிறது. பல பள்ளிகளில் அது பீரோவுக்குள் புதிது புதிதாகவே இருக்கும். எடுத்து வெளியே வையுங்கள். ஒடிந்தால் ஒடியட்டும். ஒடிந்து, தாள் உரிந்த கிரேயான்தான் அடுத்துச் சொல்லப்போகும் வேலைக்குத் தோதானது.

இலை தேய்ப்பிலிருந்து ஆரம்பியுங்கள். முதல் நாளே எல்லாப் பிள்ளையும் ‘ஆ’ என்று வாயைப் பிளக்கும். அரச இலை, கொய்யா இலை, பூவரச இலை எது கிடைத்தாலும் சரி, நரம்பு புடைத்த பின்பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, அதன்மேல் மெல்லிய தாளைப் போட்டு, கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும். நுனியால் தேய்த்தால் தாள் கிழியும். நரம்பு ஒவ்வொன்றாக மேலே வரும். அப்புறம் கேள்வி: “எந்த இலையில் நரம்பு நடுவிலிருந்து பிரியுது? எதில் நேர்நேராப் போகுது?” மூங்கில் இலையையும் நெல் இலையையும் கூடவே வைத்திருந்தால் அறிவியல் பாடம் ஒன்று அங்கேயே முடிந்துவிடும். இலை பொறுக்க அனுப்பும்போது எருக்கு, அரளி, ஊமத்தை, கள்ளி நான்கையும் தொடக்கூடாது என்று காட்டிச் சொல்லுங்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் விளையாட்டில்லை. இலை என்று இல்லை, சைக்கிள் பெடல், நாணயம், செருப்பின் அடிப்பக்கம் எதையும் இப்படித் தேய்த்து எடுக்கலாம். ஒருமுறை தேய்த்து எடுத்த செருப்பு அடிகளை மேசையில் பரப்பி, எது யாருடையது என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். ஒரு வேளை போனதே தெரியவில்லை.

அடுத்தது வண்ணம். கடை வண்ணம் வேண்டாம், மஞ்சள் தூள் போதும். ஒரு தம்ளர் தண்ணீரில் இரண்டு கரண்டி மஞ்சள் தூளைக் கரைத்து, துணியால் தாள் முழுக்கப் பூசிக் காயவையுங்கள். இதைக் காலையிலேயே செய்துவிட வேண்டும், மதியத்துக்குள் காய்ந்துவிடும். மதியம் ஆளுக்கு ஒரு வேப்பங்குச்சி, முனையைக் கல்லால் நசுக்கித் தூரிகையாக்கியது. நடுவில் ஒரு கொட்டாங்குச்சியில் சோப்புத் தண்ணீர். வெறும் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். அதைத் தொட்டு மஞ்சள் தாளில் கோடு போட்டால் கோடு செக்கச் செவேல் என்று வரும். நீங்கள் எதுவும் விளக்காமல் பேசாமல் நில்லுங்கள். யாராவது ஒரு பிள்ளை, “டீச்சர், ஆரத்தித் தட்டு!” என்று கத்தும். அங்கே மஞ்சளோடு சேர்வது சுண்ணாம்பு, இங்கே சோப்பு. இரண்டும் அமிலத்துக்கு எதிரான காரம், மஞ்சளைச் சிவப்பாக்கும். அப்புறம் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து ஒரு துளி விட்டால் சிவப்பு மறைந்து மறுபடி மஞ்சள். “அழிரப்பர் வந்திருச்சு” என்றாள் ஒருத்தி. சுண்ணாம்பை மட்டும் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், கண்ணுக்கு ஆபத்து. சோப்பே போதும். அந்தப் படத்தை வெயில் படுகிற இடத்தில் மாட்டினால் சில நாளில் வெளிறிவிடும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அழுவார்கள்.

செம்பருத்தி இதற்கு அக்கா மாதிரி. இதழைத் தாளில் அப்படியே தேய்த்தால் ஊதா கலந்த நீலமாகப் பிடிக்கும். அதன்மேல் எலுமிச்சை பட்டால் ரோஜா நிறம், சோப்பு பட்டால் பச்சை. ஒரே பூவில் மூன்று நிறம். சங்குப்பூவும் ஏறக்குறைய இப்படித்தான்.

எங்கள் பக்கம் கரிக்குப் பஞ்சமே இல்லை. சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பது பல ஊர்களில் பிழைப்பு. மூட்டம் பிரித்த இடத்தில் பென்சில் தடிமனுக்குக் குச்சிக் கரி கிடக்கும். அதைக் கொண்டுவந்து பழைய செய்தித்தாளில் வரையச் சொல்லுங்கள். கரியின் நல்ல குணம், சின்னதாக வரைய விடாது. தாளின் மூலையில் எறும்பு மாதிரி வரைகிற பிள்ளைகூடக் கரியைப் பிடித்தால் கையை வீசும். வரைந்ததும் தாளை உதறிவிட்டு, மேலே ஒரு தாள் போட்டு அடுக்கினால் அதிகம் கலையாது. வெள்ளைச் சட்டைக்காரர்களை அன்றைக்கு மட்டும் பழைய சட்டை போட்டுவரச் சொல்லுங்கள். நான் சொல்ல மறந்த ஒரு நாளில் எத்தனை அம்மாக்கள் வாசலில் வந்து நின்றார்கள் என்று கேட்காதீர்கள்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்தது. கிரேயான் பெட்டியில் வெளிறிய சந்தன நிறத்தில் ஒன்று இருக்கும். அதைப் பிள்ளைகள் ‘தோல் கலர்’ என்பார்கள். “தோல் கலர் குடுடா, முகம் அடிக்கணும்” என்று அதற்குச் சண்டையே நடக்கும். கரிசல் காட்டுப் பிள்ளை, வெயிலில் கறுத்த கையால் அந்தக் கிரேயானைப் பிடித்துத் தன் முகத்துக்கு அடித்துக்கொண்டிருக்கும். நான் ஒரு நாள் கேட்டேன்: “தோல் கலர்னா யாரோட தோல்?” பதில் வரவில்லை. “சரி, அவங்கவங்க கை நிறத்தை அவங்கவங்களே தயார் பண்ணுங்க” என்றேன்.

அதற்கு மண் வேண்டும். கரிசல் மண் ஊரிலேயே இருந்தது. சிவகங்கைப் பக்கம் போய்வந்த ஒரு பெற்றோர் செம்மண் ஒரு பை கொண்டுவந்தார். கண்மாய் வண்டல், செங்கல் பொடி, காவிக்கட்டி, கொஞ்சம் கரித்தூள் என்று ஆறேழு கிண்ணம் சேர்ந்தது. எல்லாவற்றையும் மெல்லிய துணியில் சலித்துக்கொள்ள வேண்டும், மணல் இருந்தால் தாளில் நிற்காது. ஒட்டுவதற்குப் பிசின்: நாட்டுக் கருவேல மரத்திலோ வேப்ப மரத்திலோ வடிந்து காய்ந்திருக்கும் பிசினை முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப்போட்டால் காலையில் கொழகொழவென்று இருக்கும், வடிகட்டி மண்ணில் கலக்க வேண்டியதுதான். பிசின் சேராத மண் காய்ந்ததும் பொடிப்பொடியாக உதிரும்.

பிள்ளைகள் முன்னங்கையில் ஒரு பொட்டு வைப்பார்கள், பார்ப்பார்கள், “இன்னும் கொஞ்சம் செம்மண் போடு” என்பார்கள், துடைத்துவிட்டு மறுபடி வைப்பார்கள். வைத்த பொட்டு கையில் தெரியாமல் மறைந்துவிட்டால் நிறம் சரி. அன்று பொட்டு மறைந்த ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து நின்று கத்தியது. பிறகு அந்த நிறத்தால் தன் கையின் உருவத்தைத் தாளில் நிரப்பி, கீழே எந்த மண் எத்தனை கரண்டி என்று எழுதினார்கள். ஒரு பையன் “கரிசல் 3, செம்மண் 1, கரி கொஞ்சூண்டு” என்று எழுதியிருந்தான். இருபத்திரண்டு கை, இருபத்திரண்டு நிறம். சந்தன நிறக் கிரேயானுக்குச் சண்டை அதற்கப்புறம் குறைந்தது, நின்றுவிடவில்லை.

களிமண்ணைப் பற்றிப் பலரும் சொல்வார்கள், ஆனால் செய்முறையைச் சொல்ல மாட்டார்கள். அதனால்தான் பிள்ளைகள் செய்த யானைக்கு மறுநாள் கால் இருப்பதில்லை. மண்ணைக் கட்டி உடைத்து, கல் பொறுக்கி, ஒரு நாள் ஊறவிட்டு, சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைய வேண்டும். ஊரில் மண்பாண்டம் செய்கிறவர்கள் இருந்தால் அவர்களிடமே ஒரு கூடை பதமான மண் கேளுங்கள், அவ்வளவு சிரமம் மிச்சம். காலையும் காதையும் ஒட்டும்போது இரண்டு பக்கமும் குச்சியால் கீறி, சேற்றுத் தண்ணீர் தடவி, அழுத்த வேண்டும். கீறாமல் ஒட்டினால் காய்ந்ததும் கழன்றுவிடும். வெயிலில் வைக்காமல் நிழலில் காயவிட வேண்டும், இல்லையென்றால் வெடிக்கும். என்ன செய்யச் சொல்லலாம்? கண்ணைக் கட்டி, கையில் ஒரு வெண்டைக்காயோ முருங்கைக்காயோ கொடுத்து, தடவிப் பார்த்துவிட்டுக் கட்டை அவிழ்க்காமலே அதைக் களிமண்ணில் செய்யச் சொல்லுங்கள். பார்த்துச் செய்ததைவிடத் தடவிச் செய்ததில் வெண்டைக்காயின் வரம்புகள் நன்றாக வந்திருக்கும்.

குழந்தை ஓவியத்தைப் பற்றி நிறைய எழுதிய விக்டர் லோவன்ஃபெல்ட், 1938இல் ஆஸ்திரியாவை விட்டுப் போகும் முன் வியன்னாவில் பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கலை சொல்லிக் கொடுத்தவர். பிள்ளைகளின் படம் வயதுக்கேற்ப எப்படி மாறும் என்று அவர் பிரித்துச் சொன்னதில் நமக்கு உதவுவது இரண்டு விஷயம். ஏழெட்டு வயதில் தாளின் அடியில் ஒரு கோடு போட்டு அதன்மேல் எல்லாவற்றையும் நிற்க வைப்பார்கள், வானம் மேலே ஒரு பட்டையாக இருக்கும், நடுவில் ஒன்றும் இருக்காது. சுவருக்குள் சமைக்கும் அம்மாவையும் ஆட்டின் வயிற்றுக்குள் குட்டியையும் வரைவார்கள். இது தப்பு இல்லை, திருத்தாதீர்கள். அந்த வயதுக்குக் கண்ணில் பட்டதைவிட மனதுக்குத் தெரிந்ததுதான் முக்கியம். இன்னொன்று, ஒன்பது பத்து வயதில், அதாவது உங்கள் நாலாம் ஐந்தாம் வகுப்பில், ‘அசல் மாதிரி வரலையே’ என்ற கூச்சம் வரும். “எனக்கு வரைய வராது டீச்சர்” என்று அதுவரை வரைந்துகொண்டிருந்த பிள்ளையே கையை மடக்கிக்கொள்ளும். என் அனுபவத்தில் ஓவிய வேளை தோற்பது இங்கேதான். அரசுப் பள்ளியில் ஓவியத்துக்கு என்று தனியாக ஆசிரியர் வருவதே ஆறாம் வகுப்புக்கு மேல்தான். அவர் வருவதற்குள் பாதிப் பேர் பென்சிலைக் கீழே வைத்திருப்பார்கள்.

அந்தப் பெரிய பிள்ளைகளுக்கு வரையும் திறமை கேட்காத வேலையாகக் கொடுங்கள். அச்சுப் பதித்தல் ஒன்று. குறுக்கே வெட்டிய வெண்டைக்காய் பூவாக விழும், வாழை மட்டை தேன்கூடு மாதிரி அறை அறையாக விழும், வெங்காயம் வட்டத்துக்குள் வட்டம். சத்துணவுக் கூடத்தில் காய் நறுக்கும்போது முற்றிய வெண்டைக்காயை எடுத்து வைக்கச் சொன்னால் வைப்பார்கள், அது சாம்பாருக்கு ஆகாது, நமக்கு ஆகும். அப்புறம், தாளைப் பார்க்காமல் வரைவது. நண்பனின் முகத்தை மட்டும் பார்க்க வேண்டும், தாளைக் குனிந்து பார்க்கக் கூடாது, பென்சிலை எடுக்கவும் கூடாது. எல்லார் படமும் கோணல்மாணலாகத்தான் வரும், அதனால் யாருக்கும் வெட்கம் இல்லை. சிரித்து ஓய்ந்ததும் பாருங்கள், யாராவது ஒரு பிள்ளை அந்த மூக்கை அப்படியே பிடித்திருக்கும். கிழித்து ஒட்டுவதும் நல்லது. கத்தரிக்கோல் கூடாது, கையால்தான் கிழிக்க வேண்டும் என்ற ஒரு கட்டுப்பாடு மட்டும் போதும்.

ஒட்டுவதற்கு ஃபெவிகால் கட்டுப்படியாகாது. மைதாவைக் கட்டி இல்லாமல் தண்ணீரில் கரைத்து, கண்ணாடி மாதிரி ஆகும்வரை காய்ச்சினால் பசை. பூச்சி வராமல் இருக்க பைண்டிங் வேலை செய்கிறவர்கள் அதில் மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், பிள்ளைகள் விரலை வாயில் வைப்பார்கள், நீங்கள் போடாதீர்கள்.

இதே ஐந்தாம் வகுப்பை ஒரு மாதம் கட்டிப்போட்டது காகிதக் கூழ். ஊரில் பாட்டிகளுக்குத் தெரிந்த வேலை இது: பழைய தாளை ஊறவைத்து, வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டி, பானை மேல் அப்பிக் கூடை செய்வார்கள். பிள்ளைகளின் பாட்டி ஒருவரையே வகுப்புக்கு வரச் சொன்னேன். கவிழ்த்த சட்டியில் எண்ணெய் தடவி, கூழை ஒரே கனமாக அப்பி, மூன்று நான்கு நாள் காயவிட்டுக் கழற்றினால் ஓடு மாதிரி வந்துவிடும். கண்ணுக்கு ஓட்டை போட்டு, மூக்குக்குக் கொஞ்சம் கூழ் வைத்தால் முகமூடி. முக்கால் மணி நேரத்தில் முடியாது, நாலு வெள்ளிக்கிழமை எடுக்கும். ஆனால் காத்திருப்பது என்ற ஒன்றைப் பிள்ளைகள் அதில்தான் பழகினார்கள், நடுவில் மழை வந்து பூஞ்சை பிடித்த இரண்டு முகமூடிகள் உட்பட.

பாட்டியை அழைத்த மாதிரியே பனையேறும் தாத்தா ஒருவரையும் அழைத்தேன். குருத்தோலையில் காத்தாடி, கிலுகிலுப்பை, பாம்பு. காத்தாடிக்கு அச்சாணி கருவேல முள். அவர் பேசவே இல்லை, செய்து காட்டினார், பிள்ளைகள் விரலைப் பார்த்துச் செய்தார்கள். சரியாகப் படிக்க மாட்டான் என்று நான் நினைத்திருந்த ஒரு நாலாம் வகுப்புப் பையன் எல்லாருக்கும் முந்தி முடித்துவிட்டு, பக்கத்தில் இருந்தவளுக்கு மடிப்பைச் சொல்லிக்கொடுத்தான். அவன் வீட்டிலேயே ஓலை வேலை நடக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. குப்பையிலிருந்து பொம்மை செய்ய வேண்டும் என்றால் அரவிந்த் குப்தாவின் செய்முறைகளையும் தேடிப் பாருங்கள். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்து முக்கோணம், பிரமிடு, கனசதுரம் என்று கட்டும் அவருடைய வேலை ஐந்தாம் வகுப்பு வடிவியலுக்கு அப்படியே பொருந்தும். ஆனால் உங்கள் ஊரிலேயே ஓலை முடைகிறவர், பாய் பின்னுகிறவர், பூ கட்டுகிறவர் இருக்கும்போது முதல் வாய்ப்பு அவர்களுக்குத்தான் என்பேன்.

“கணக்கு முடிக்காமல் படம் என்ன வேண்டிக்கிடக்கிறது” என்று யாராவது கேட்பார்கள். அப்போது கோலத்தைக் கையில் எடுங்கள். முற்றத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி, அடுத்த வரிசையில் மூன்று, அடுத்து ஐந்து, மறுபடி மூன்று, ஒன்று. எண்ணச் சொன்னால் 13. மேல்பாதியை மட்டும் எண்ணினால் 1, 4, 9 என்று போகும். ஒற்றை எண்களைக் கூட்டினால் வர்க்க எண் வருவதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தரையிலேயே பார்த்துவிடும். ஊடுபுள்ளியில் ஐந்து வைத்து மூன்றில் நிறுத்தினால் 3, 4, 5, 4, 3, மொத்தம் 19. சிக்குக் கோலத்தில் கையை எடுக்காமல் ஒரே இழையில் முடிகிறதா, இரண்டு இழையாகப் பிரிகிறதா என்று பந்தயம் வைக்கலாம். தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் இருந்தவர்களும் 1970களில் கோலத்தின் இந்த ஒழுங்கைக் கணினி அறிவியலுக்குக் கொண்டுபோய் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். ஆகவே பாடக்குறிப்பில் தாராளமாகக் ‘கணக்கு’ என்றே எழுதுங்கள். பையன்கள் “கோலம் பொம்பளப் பிள்ளைங்க வேலை” என்பார்கள். ஒற்றை இழைப் பந்தயம் என்று சொல்லிப் பாருங்கள், முதலில் வந்து குந்துவது அவர்கள்தான்.

வெயில் நாளில் நிழலும் இலவசம். காலை ஒன்பதரைக்கு ஒரு பிள்ளையை முற்றத்தில் நிறுத்தி நிழலைச் சுற்றிச் சாக்பீஸ் கோடு, அதே இடத்தில் பன்னிரண்டரைக்கு இன்னொரு கோடு, மூன்றரைக்கு இன்னொன்று. காலடி இருந்த இடத்தைக் குறித்து வைக்க மறக்காதீர்கள். மூன்று உருவத்துக்கும் சட்டை, முடி, மீசை வைப்பது அவர்கள் பாடு.

சில விஷயங்களைச் செய்யாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். தெர்மாகோல், ஜிகினா, கடையில் வாங்கிய முகமூடிக்கு வண்ணம் அடிப்பது, இதெல்லாம் ஆண்டு விழா மேசைக்கு அழகு, பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. ஓவியப் போட்டியில் எனக்கு நம்பிக்கை போய் ரொம்ப நாளாகிறது. ‘சுற்றுச்சூழல்’ என்று தலைப்புக் கொடுத்தால் உலக உருண்டையை இரண்டு கை தாங்கும் படம் இருபது வரும், பத்தை அண்ணன் வரைந்திருப்பான். மதிப்பெண்ணும் நட்சத்திரமும் போடாதீர்கள். ‘குட்’ என்று எழுதுவதும் அதே கணக்குதான். அதற்குப் பதில் படத்தின் பின்பக்கம் பெயர், தேதி, படத்தைப் பற்றிப் பிள்ளை சொன்ன ஒரு வாக்கியம். அது பேசின மாதிரியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை தான் சொன்ன வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப எழுத்துக் கூட்டி வாசிக்கும். பாடப்புத்தகத்து வாக்கியத்தை அப்படி வாசித்து நான் பார்த்ததில்லை.

மாட்டி வைக்க இடம் இல்லை என்று நினைக்காதீர்கள். 2007 வாக்கில் செயல்வழிக் கற்றல் வந்தபோது வகுப்பறையின் குறுக்கே கட்டிய கம்பிப் பந்தல் பல பள்ளிகளில் இன்னும் அப்படியே இருக்கிறது, சுவரில் பிள்ளை உயரத்துக்குப் போட்ட கீழ்மட்டக் கரும்பலகையும் இருக்கிறது. கம்பியில் துணி கிளிப் மாட்டினால் கண்காட்சி. எல்லார் படமும் தொங்க வேண்டும், நன்றாக வரைந்ததை மட்டும் பொறுக்காதீர்கள். மாதம் ஒருமுறை கழற்றி வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள்.

29 பேரை ஒருவராகச் சமாளிப்பது பற்றி: எல்லாரையும் ஒரே நேரத்தில் தண்ணீருக்குப் பக்கத்தில் விடாதீர்கள். நாலு குழு, ஒரு குழுவுக்கு மட்டும் ஈர வேலை, மற்ற மூன்றுக்குக் கரி, தேய்ப்பு, கிழிப்பு என்று காய்ந்த வேலை. வாரா வாரம் மாற்றுங்கள். ஒவ்வொரு குழுவிலும் ஐந்தாம் வகுப்பில் ஒருவரும் ஒன்றாம் வகுப்பில் ஒருவரும் இருக்கட்டும். கடைசிப் பத்து நிமிடம் கழுவுவதற்கு. அதை வரையும் நேரத்துக்குக் கொடுத்தால் அப்புறம் வகுப்பறையை நீங்கள்தான் பெருக்க வேண்டும்.

வரும் வெள்ளிக்கிழமைக்கு இலைத் தேய்ப்பும் கிழித்து ஒட்டுவதும் போதும். வியாழக்கிழமையே காலண்டர் தாள் கொண்டுவரச் சொல்லிவிடுங்கள். மைதாப் பசையை மட்டும் வெள்ளிக்கிழமை காலையில் காய்ச்சுங்கள். முதல் நாளே காய்ச்சினால் புளித்து நாற்றம் வரும், அப்புறம் எந்தப் பிள்ளையும் தொடாது.